லயத்து நாய் யாருடைய நாய்?

“மனிதனுக்கே கஞ்சியில்லை, நாய்க்கு என்ன கரிசனம்?” என்று கேட்பது நம்மவரிடையே முற்போக்கின் முத்திரையாகிவிட்டது. கட்டாக்காலி நாயொன்றை வீட்டிற் சேர்த்து வளர்ப்பது பற்றி யாரேனும் பேச்செடுத்தாற் போதும், ஆசிரியர் ஓய்வறையின் ஏதோவொரு மூலையிலிருந்து இந்த வாக்கியம் புறப்பட்டுவிடும். சொல்பவர் பெரும்பாலும் நல்லவர். தோட்டத் தொழிலாளியின் சம்பள உயர்வுக்காகக் கையெழுத்துச் சேர்த்தவர். மேதின ஊர்வலத்தில் நடந்தவர். அவர் வாயிலிருந்து வருவதனாலேயே அவ்வாக்கியத்தை எவரும் உரைத்துப் பார்ப்பதில்லை. பேச்செடுத்தவர் வெட்கித் தலைகுனிவார். விஷயம் அத்தோடு முடிந்துவிடும். நான் இங்கே வழக்காட வந்திருப்பது அந்த வாக்கியத்தோடுதான்.

கஞ்சியில்லாத அந்த மனிதன் எப்போதாவது இப்படிச் சொன்னதுண்டா? பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வரையும், மறுபுறம் ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை வரையும் நீண்டு கிடக்கும் தோட்டங்களில் எந்த லயத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நாயில்லாத லயத்தைக் காண்பது அரிது. அந்த நாய்களை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒன்று பாதையோரத்திற் கிடந்தது; ஒன்று மழைக்கு ஒதுங்கி ஸ்தோப்பிலே படுத்தது; இன்னொன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் பின்னாலேயே வந்துவிட்டது. ‘தத்தெடுத்தல்’ என்ற பெருஞ்சொல் அங்கு வழங்குவதில்லை. “வந்திருச்சு, கெடக்கட்டும்” என்பார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர 2021 ஆம் ஆண்டுவரை ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். கோதுமை மாவின் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் ரொட்டியின் அளவைச் சுருக்குகிற மக்கள். அந்தச் சுருங்கிய ரொட்டியின் ஓர் ஓரத்தைப் பிய்த்து வாசலில் எறிகிறவர்கள் அவர்கள். கஞ்சியில்லாதவன் பெயரால் நாம் பேசுகிறோம். அவனோ நம்மிடம் அந்த அதிகாரத்தைத் தரவேயில்லை.

லயக்காம்பராவை அறியாத வாசகருக்காகச் சில வார்த்தைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வழங்கும் கணக்கு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய காம்பராக்கள். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. ஒரு காம்பராவுக்குள் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் நோய் யாவும். முன்னால் ஓர் ஒடுங்கிய ஸ்தோப்பு. உள்ளே நாய்க்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆகவே ஸ்தோப்பின் விறகடுக்குக்கும் சுவருக்கும் இடைப்பட்ட மூலை அதன் இடம். குளிர்காலத்திலே பிள்ளையின் பழைய பள்ளிச் சட்டையொன்று அங்கே விரிக்கப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நாய் அங்கே என்ன செய்கிறது? விடியுமுன் எழுந்து பீலிக்குத் தண்ணீருக்குப் போகும் பெண்ணுக்கு முன்னால் நடக்கிறது. லயத்திலிருந்து எட்டிக் கிடக்கும் கக்கூசுக்கு இரவிலே தனியே போக அஞ்சும் சிறுமிக்குத் துணையாகப் போய்க் கதவருகே நிற்கிறது. மரக்கறித் துண்டில் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் அறிவது அதுவே. பற்றைக்காட்டிலிருந்து சிறுத்தை இறங்கும் இரவுகளும் மலைநாட்டில் உண்டு. அன்று முதலிற் குரைப்பதும் அதுவே, முதலிற் பறிபோவதும் அதுவே. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கிலே சிறுத்தை மாட்டிச் செத்தால் அது செய்தியாகிறது. அதே சுருக்கில் மாட்டிக் கால் அறுந்து வரும் நாய்க்கு மஞ்சளும் எண்ணெயும் பூசுபவள் லயத்துக் கிழவி. பங்களாவுக்குக் காவல்காரன் உண்டு, தொழிற்சாலைக்கு உண்டு, தேயிலைத் தூளுக்கும் உண்டு. தேயிலை பறிக்கிறவளின் பிள்ளைக்குத் தோட்டம் எந்தக் காவலையும் வைக்கவில்லை; நாய்தான் வாய்த்தது. யானையைப் போன்றவர் நட்பைத் தள்ளி நாயைப் போன்றவர் நட்பைக் கொள்ள வேண்டும், ஏனெனில் யானை பழகிய பாகனையே கொல்லும், நாயோ தன்மேல் எறிந்த வேல் உடம்பிலே நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்று நாலடியார் கூறுவதை வகுப்பிலே விளக்கிவிட்டு, மணி அடித்ததும் வாசலில் நிற்கும் நாயின்மேற் கல்லெறியும் தமிழாசிரியர்களும் நம்மிடையே உண்டு. இது போகட்டும்.

நாயின்மீது தொழிலாளிக்கு ஒரு காலத்தில் நியாயமான வெறுப்பு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது துரையின் நாய். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் மரை வேட்டைக்கென்று இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலேற்றி வந்தார். இலங்கையிலே தாம் துப்பாக்கியோடும் வேட்டைநாயோடும் கழித்த நாட்களை நூலாகவும் எழுதினார். அந்நூலிலே கில்பக், ஸ்மட் என்று நாய்களுக்குப் பெயருண்டு, குணமுண்டு, வீரச் சாவு உண்டு. சுமை தூக்கி மலையேறிய மனிதர்களோ பெரும்பாலும் வெறுங் கூலிகள், பெயரில்லை. பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகப் பதுளையிலே ஒரு தேவாலயமே எழுந்தது. மிருகத்தைக் கொன்றவனுக்கும் கோவில், கொல்லும் மிருகத்துக்கும் கோழிச் சூப்பு! இந்த ஏற்பாட்டின் கீழே கிடந்த தொழிலாளி, பங்களா நாயின் தட்டைப் பார்த்துப் பொருமியதில் என்ன பிழை?

ஆனால் மலைநாட்டில் நாய்களும் இரு வர்க்கம். பங்களா நாயை ஒருபுறம் வைத்தால் மறுபுறம் லயத்து நாய் நிற்கிறது. அதற்குத் துரைமார் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘பறையா நாய்’. நம் சமுதாயம் ஒடுக்கிவைத்த ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரை ஆங்கிலேயன் எடுத்து, முதலில் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று பொருள் கொடுத்தான். பிறகு அதைத் தெருநாய்க்குச் சூட்டினான். அகராதி அதை ஏற்றது. ஆங்கிலேயனை மாத்திரம் குறைசொல்லித் தப்ப முடியாது. ‘பறைநாயே’ என்ற வசை நம் தமிழிலேயே வழங்குகிறது. பாடசாலை வளவிலும் கேட்டிருக்கிறேன், மாணவர் வாயில் மாத்திரமன்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இம்மலைகளுக்கு வந்தவர்களுள் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மக்கள். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன் ஊருக்கு வெளியே திரிந்த நாயைத் தன் வாசலிற் சேர்த்துக்கொண்டதை ‘மூடப் பாசம்’ என்று இளிப்பவனுக்கு இந்தப் பெயர் வரலாறு தெரிந்திருந்தால் நாக்கு கொஞ்சம் தயங்கியிருக்கும்.

சட்டத்தைப் பாருங்கள். விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893 இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 இல் வந்தது. பதிவு பெற்ற நாய் பிழைக்கலாம். உரிமையாளன் இல்லாது திரியும் நாயைப் பிடிக்கலாம், அழிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் அதே முதலாண்டுகளிலேதான் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்திலே, எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று பொறித்த தகர வில்லையைத் தொங்கவிட்டார்கள். ‘துண்டு’ முறையும் இருந்தது. முந்திய தோட்டத்துத் துரை துண்டு கொடுக்காவிட்டால் அடுத்த தோட்டம் அவனைச் சேர்த்துக்கொள்ளாது; 1921 வரை அது நீடித்தது. உரிமையாளன் பெயரில்லாத ஜீவனுக்கு இம்மலைகளிலே இடமில்லை என்பது ஆட்சியின் அடிப்படைத் தத்துவம். நாய்க்கும் மனிதனுக்கும் அது ஒரே தத்துவத்தைத்தான் வைத்திருந்தது. இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. மனிதனையும் நாயையும் ஒரே தட்டில் வைத்தவர்கள் யார் என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன். அந்தக் குற்றச்சாட்டு எப்போதும் நாயை வளர்ப்பவன் மேலேதான் சுமத்தப்படுகிறது.

பிறகு அந்தத் தகர வில்லை கழன்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தார்கள். பெட்டி படுக்கையோடு பதுளையிற் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போன குடும்பங்களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கப்பலில் நாய்க்கு இடமில்லை. பூட்டிய காம்பராவின் வாசலில் நாட்கணக்கிற் படுத்துக் கிடந்த நாய்களைப் பக்கத்துக் காம்பராக்காரர் சேர்த்துக்கொண்டார்கள். “அவங்க நாயி” என்றே கடைசிவரை சொன்னார்களாம். தங்களுடையது என்று சொல்லவில்லை. போனவர்களின் உரிமையை இரண்டு அரசாங்கங்களும் மதிக்கவில்லை. இந்த மரியாதை பக்கத்துக் காம்பராவில் இருந்தது.

இனி, நோய். இதிலே கண்ணீர் வடித்துப் பயனில்லை, கணக்கு வேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதன் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. 1973 இல் இலங்கையில் அந்நோயால் இறந்தவர் 377 பேர். 1975 இலிருந்து நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது தேசிய வேலைத்திட்டமாயிற்று. அண்மை ஆண்டுகளில் மரணம் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இடையிலே பல பத்தாண்டுகள் நாய் பிடிக்கும் வண்டியும் ஓடியது. பிடித்த நாய்களை நச்சுப்புகை அடைத்துக் கொன்றார்கள். 2006 இல் அரசாங்கம் அந்தக் கொலையை நிறுத்தியது. நிறுத்தியதும் மரணங்கள் பெருகும் என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர். பெருகவில்லை, பின்னும் குறைந்தன. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் வழி அடைபடும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற கணக்கு. ஊசி போட்ட நாயைக் கொன்றால் அந்த எழுபதுதான் குறையும். காலியான இடத்துக்கு ஊசி போடாத வேறொரு நாய் வரும்.

இந்தக் கணக்கிலே லயம் எங்கே நிற்கிறது? நகரத்தில் தடுப்பூசி முகாம் பற்றி ஒலிபெருக்கி வண்டி சொல்லிக்கொண்டு போகும். உட்தோட்டத்தில், மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிந்து கிடக்கும் லயங்களில் அந்த ஒலி எல்லா இடத்துக்கும் எட்டுவதில்லை. எட்டினாலும் முகாம் நடக்கும் நேரத்திலே ஆட்கள் மலையில் நிற்பார்கள். கடிபட்டால், சவர்க்காரமிட்டு ஓடுகிற தண்ணீரிற் கால்மணி நேரம் கழுவ வேண்டும், உடனே அரசாங்க மருத்துவமனைக்குப் போகவேண்டும். கடித்த நாயைக் கொல்லாமல் 14 நாள் கவனிக்க வேண்டும். இவை பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லத்தக்கவை. ஊசி இலவசம். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போய்விடும். பேருந்துச் செலவு வேறு. ஒருமுறை போனாற் போதாது. பல தடவை போகவேண்டும். மூன்றாவது ஊசிக்குப் போகாமல் நின்றுவிட்ட தாயைப் பொறுப்பற்றவள் என்று திட்டுவது எளிது. நோய் நாயினாலே வருகிறது. சாவு வருவது தூரத்தினாலும் சம்பளத்தினாலும்.

இந்தியாவிலும் இதே வழக்கு நடந்தது. 2025 ஓகஸ்ட் 11 ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், டில்லிப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு கட்டளையிட்டார்கள். பதினொரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, நோயும் மூர்க்கமும் இல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். அந்த நாட்களிலே அங்கு எழுந்த கூச்சலைக் கேட்டவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். ஒருபுறம், காருக்குள் இருந்தபடி நாயை நேசிப்பவர். மறுபுறம், அந்த நேசத்தைக் காட்டிச் சேரிப் பிள்ளைகளின் கடிகாயங்களுக்காகத் திடீரென்று இரங்குபவர். சேரியிலே நாயோடு வாழ்கிறவனை இரு தரப்பும் அதிகம் கேட்கவில்லை. நம் ஓய்வறை விவாதமும் இதன் சிறு பதிப்புதான்.

‘இதெல்லாம் பூர்ஷ்வா உணர்ச்சிவசம்’ என்று இன்னும் ஒரு படி மேலே செல்லும் தோழர்களுக்கு லைக்காவை நினைவூட்டலாம். மொஸ்கோவின் தெருவிற் பிடிக்கப்பட்ட கட்டாக்காலிப் பெட்டை நாய் அது. 1957 நவம்பர் 3 ஆம் தேதி இரண்டாவது ஸ்புட்னிக்கிலே வானுக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வருவதற்கு ஏற்பாடே இருக்கவில்லை. சில மணி நேரத்திலேயே வெப்பத்தால் இறந்துவிட்டது என்ற உண்மை 2002 இலேதான் வெளியாயிற்று. அந்தத் திட்டத்திற் பணியாற்றிய விஞ்ஞானி ஒலெக் கசென்கோ, தம் முதுமையில் அதற்காக வருந்திப் பேசினார். சோஷலிச விஞ்ஞானத்துக்கு அவர் துரோகம் செய்துவிட்டார் என்று யாராவது சொல்வார்களா?

இப்போது நகரத்து நேயர்களிடம் வருவோம். அவர்களையும் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. தெருநாயை வீட்டிற் சேர்த்து வளர்க்க வேண்டும் என்ற பேச்சைக் கொழும்பிலே பரப்பியவர்களுள் 2007 இல் ஒட்டாரா குணவர்த்தன தொடங்கிய ‘எம்பார்க்’ அமைப்பினர் முக்கியமானவர்கள். நல்ல காரியம், அதனால் எத்தனையோ நாய்கள் பிழைத்தன. ஆனால் அந்தப் பேச்சு மலையேறிப் பதுளைக்கு வந்து சேரும்போது வேறு வடிவம் எடுக்கிறது. ஞாயிறன்று ‘அல்சேஷன்’ குட்டியொன்றைப் பல்லாயிரம் கொடுத்து வாங்கி வருகிறார்கள். அது வந்ததும், வீட்டிலே முன்பிருந்த நாட்டு நாய் வேண்டாததாகிவிடுகிறது. அல்லது, ஆசைக்கு எடுத்த தெருக்குட்டி பெட்டை என்று பிறகுதான் கவனிக்கிறார்கள். கருத்தடைக்கு அழைத்துப் போகச் சோம்பல். குட்டி போட்டதும் கடுவன்களை அயலார் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்; பெட்டைகளைச் சாக்கிலோ பெட்டியிலோ போட்டு இரவிலே முச்சக்கரவண்டியில் ஏற்றுவார்கள். சந்தையடி, விகாரை வாசல், கோவில் வாசல். அங்கே பார்ப்பார்கள் என்று பயந்தால், பசறைப் பாதையிலோ ஹாலி-எலப் பாதையிலோ முதல் தேயிலைத் தூர் தென்படும் வளைவு. தோட்டம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத வெளி என்று அவர்கள் எண்ணம். அங்கேயும் மனிதர் குடியிருக்கிறார்கள், விடிந்ததும் அந்தக் குட்டிகளின் அழுகை அவர்களின் பிள்ளைகள் காதிலே விழும் என்ற நினைவு அவர்களுக்கு வருவதில்லை. நகரத்தின் கருணை பெருக்கிய நாய்களை லயத்தின் வறுமை வளர்க்கிறது. மறுவாரம் அதே கனவான் லயங்களைப் பார்த்து “இந்த மக்கள் ஏன் இத்தனை நாய் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்பார். கேட்கத்தான் கேட்கிறார்.

கட்டாக்காலி என்ற சொல்லையே நோக்குங்கள். ‘காலி’ என்றால் கால்நடை. கட்டப்படாத கால்நடை கட்டாக்காலி. கட்டாமல் விட்டவன் ஒருவன் உண்டு என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. நாம் மட்டும் அவனை விட்டுவிட்டு நாயைத் தேடுகிறோம்.

விஷயத்தின் முடிச்சு இந்த உரிமை என்பதிலேதான் இருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் லயத்திலே ஒரு பெட்டை நாய் உண்டு. வளைவில் விடப்பட்ட குட்டிகளில் ஒன்று. இவள்தான் தூக்கி வந்தாள். இரண்டாவது காம்பராவிலே அதற்குக் காலை ரொட்டி. ஐந்தாவதில் மத்தியானச் சோறு. இரவிலே கடைசிக் காம்பராவின் ஸ்தோப்பு. ஒருநாள் தோட்டத்துக்கு வந்த யாரையோ ஏதோ நாய் கடித்துவிட்டது. உடனே தோட்டக் கந்தோரிலிருந்து ஆள் வந்து, “இந்த நாய் யாருடையது? பெயர் கொடுங்கள். பெயரில்லாத நாய்கள் அகற்றப்படும்” என்றான். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. கொடுத்தவர் தலையிலே நட்டஈடும் வழக்கும் விழும். வேலைக்கும் கேடு வரலாம். ஆக, ஒரு லயமே சேர்ந்து வளர்த்த நாய், தோட்டத்துக் கணக்கிலே எவருக்கும் உரியதல்லாத நாயாயிற்று. அதற்கு நேர்ந்ததை அவள் தன் கட்டுரைக் கொப்பியில் எழுதவில்லை, பாதியிலே நிறுத்தியிருந்தாள். நானும் கேட்கவில்லை.

பொதுவுடைமை பேசும் நண்பரே, இதை யோசியுங்கள். சட்டம் அறிந்தது ஒற்றை உரிமையாளனை மாத்திரம். நகரத்து ஜீவகாருண்யம் அறிந்ததும் அவனைத்தான்: மதிலும் கேற்றும் உள்ள வீடு, அதிலே ஒரு குடும்பம், அக்குடும்பத்துக்கு ஒரு நாய். லயமோ நாயைப் பொதுவில் வளர்க்கிறது. உணவு பொது, காவல் பொது, துக்கமும் பொது. யாருடைய சொத்தாகவும் இல்லாமல் எல்லாருடைய பொறுப்பாகவும் ஒரு ஜீவன் வாழலாம் என்பதைப் புத்தகத்திலே படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாம்; அது கண்ணெதிரே நடக்கும்போது ‘நாய்க்கென்ன கரிசனம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

சரி, ஒரு காம்பராக்காரர் துணிந்து பெயர் கொடுத்தார் என்றே வையுங்கள். எந்த வீட்டின் பெயரில்? நிலச் சீர்திருத்தத்தில் 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. கைகள் மாறின, காம்பராவின் உறுதி மட்டும் அதிற் குடியிருப்பவன் கைக்கு வரவில்லை. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை சேவை செய்யவே தடையாய் நின்றது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. வரி கட்டாத நிலம், வாக்கு மட்டும் போடும் மக்கள் என்று முப்பது ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அந்த முப்பது ஆண்டும் குப்பை எடுக்க வராதவன் நாயைப் பதியவா வந்திருப்பான்? நாய்க்கு வீடு கொடுங்கள் என்று ஊருக்குச் சொல்லுமுன், வீடு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் கேட்பது நாயைத் தள்ளிவைப்பதற்காக அல்ல.

ஏனெனில் இவ்விடத்தில்தான் ஓய்வறை நண்பர் திரும்பவும் எழுந்து, “பார்த்தீரா, முதலில் மனிதனுக்கு வீடு” என்பார். கொஸ்லாந்தை மீரியபெத்தையைக் காட்டுவார். 2014 ஒக்டோபர் 29 ஆம் தேதி காலையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலே, புதிய வீடு கிடைக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தார்கள். உண்மை, மறக்கத்தக்கதன்று. ஆனால் அந்த மக்களை அச்சரிவின் கீழே விட்டுவைத்தது எவருடைய நாய்ப் பாசம்? எந்த வீடமைப்பு நிதியிலிருந்து எந்த நாய்க்கு ஒரு சதம் திரும்பிப் போயிற்று? லயத்தைக் கவனிக்காத அதே கையிருப்பும் அதே மனோபாவமுந்தான் லயத்து நாயையும் கவனிக்கவில்லை. ‘முதலில் மனிதன், பிறகு நாய்’ என்று வரிசை வைப்பவர்கள் மனிதனுக்கு முறை வந்தபோது என்ன செய்தார்கள் என்பதற்கு மீரியபெத்தையே சாட்சி. இல்லாத வரிசையொன்றைக் கற்பித்து, அதன் பின்னால் எல்லாரையும் நிற்கவைப்பது ஆள்பவனுக்குப் பழைய தந்திரம். நாம் ஏன் அவனுக்குக் குரல் கொடுக்கவேண்டும்?

மிருகவதைத் தடைச் சட்டம் 1907 இல் வந்தது. கொடுமைக்கு அது வைத்த உச்சத் தண்டம் நூறு ரூபா. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய சட்டமூலத்தை வகுத்துக் கொடுத்தது. பதினைந்து ஆண்டு கழிந்தும் அது சட்டமாகவில்லை. ஆகவே சட்டத்தை நம்பிக் காத்திருப்பதைக் காட்டிலும், பாடசாலையிலிருந்தே தொடங்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

நகரத்திலே வீடும் வளவும் உள்ள ஆசிரியர், ஒரு தெருக்குட்டியை, அதிலும் எவரும் கேட்காத பெட்டைக்குட்டியை, வீட்டிற் சேர்த்துக்கொள்ளட்டும். சேர்த்தால் ஆண்டுதோறும் தடுப்பூசியும், உரிய காலத்திற் கருத்தடையும் அவர் பொறுப்பு. அதைச் செய்ய மனமில்லாதவர் சேர்க்க வேண்டாம். ‘முடியாது’ என்று சொல்வது, வளைவிலே சாக்கை அவிழ்ப்பதை விட நேர்மை. மாணவர்களுக்கோ வேறொரு வேலை உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் லயத்திலே எத்தனை நாய், எத்தனை பெட்டை, எதற்கு ஊசி போட்டது என்பது விரல்நுனியில் தெரியும். அந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வாங்கினால், எந்தக் கந்தோரிலும் இல்லாத பதிவேடு ஒரு வாரத்தில் நம் கையில் இருக்கும். அதைக் கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மிருக வைத்தியரிடமும் போகலாம். ஊசி லயத்துக்கு வரவேண்டும், அதுவும் கொழுந்து நிறுத்து ஆட்கள் வீடு திரும்பிய பின்னர், அல்லது ஞாயிற்றுக்கிழமையில். கடிபட்டவர் மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்பதைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலிற் சேர்க்க வேண்டும். நாயைப் பற்றிப் பேசினால் சங்கத்தின் கௌரவம் குறைந்துவிடாது.

பதிவு செய்யும்போது, உரிமையாளர் பெயர் எழுதும் இடத்தில் லயத்தின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். அப்படியொரு வழக்கமில்லை என்று அதிகாரி சொல்வார். அதை எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரதேச சபைக் கூட்டத்துக்கு எடுத்துப்போக அந்தக் கடிதம் நமக்கு வேண்டும்.